நன்றியும் கூலியும்

பொங்கல் மலர்களில் வருகிற கட்டுரைகளை வருஷா வருஷம் படித்துவருகிறேன். எல்லாவற்றிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: பொங்கல் நன்றி சொல்லும் திருநாள். சூரியனுக்கு நன்றி, மாட்டுக்கு நன்றி, மண்ணுக்கு நன்றி. எழுதியவரும் சரி, படிப்பவரும் சரி, இதைத் தாண்டிப் போவதில்லை. நன்றி என்றால் என்ன, யார் யாருக்குச் சொல்வது, சொல்லிவிட்டால் எது தீர்கிறது, எது தீராமல் நிற்கிறது என்று ஒருவரும் கேட்பதாகத் தெரியவில்லை. என் கட்டுரை இந்தக் கேள்விகளைப் பற்றியது. பண்டிகையை ஏளனம் செய்வது நோக்கமில்லை. ஏளனம் செய்வதற்கும் புகழ்வதற்கும் முன்னால் அதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்பதுதான்.

முதலில் சௌகரியமான இரண்டு விளக்கங்களை அப்புறப்படுத்திவிடலாம்.

ஒன்று, வானம் பற்றியது. சூரியன் வடக்கே திரும்பும் நாள், உத்தராயணத்தின் தொடக்கம், ஆகவே பொங்கல் என்கிறார்கள். வானத்தைக் கேட்டால் அது வேறு சொல்கிறது. சூரியன் தென்கோடியை எட்டித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. தை முதல் தேதி வருவதற்குள் அது மூன்று வாரத்துக்கு மேலாக வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால், நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நம் பஞ்சாங்கத்துக்கும் பருவங்களுக்கும் நடுவில் ஏறத்தாழ 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி விழுகிறது. சுமார் 1,700 வருஷங்களுக்கு முன்னால் மகர சங்கராந்தியும் சூரியன் திரும்புவதும் ஒரே நாளில் இருந்தன. விவேகானந்தர் பிறந்த 1863-இல் சங்கராந்தி ஜனவரி 12-ஆம் தேதி வந்தது. இப்போது 14 அல்லது 15. இப்படியே போனால் பல ஆயிரம் வருஷங்களுக்குப் பிறகு நம் சந்ததியார் சித்திரை வெயிலின் உக்கிரத்தில் நின்றுகொண்டு சூரியனுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அன்றைக்கும் சொல்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அர்த்தம் சூரியனிடம் இல்லை. அதே சங்கராந்தியில் மராட்டியர்கள் எள்ளும் வெல்லமும் கொடுத்து இனிமையாகப் பேசச் சொல்கிறார்கள். குஜராத்தில் பட்டம் விடுகிறார்கள். வங்காளத்தில் கங்கை கடலில் கலக்கும் இடத்தில் முழுகுகிறார்கள். சூரியன் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதுதான் வேறு.

இரண்டாவது விளக்கம் அறுவடை. களத்துக்கு நெல் வந்துவிட்டது, புது அரிசியைப் பொங்குகிறோம் என்பது. சம்பா விளையும் காவிரிப் படுகையில் இது பாதி உண்மை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து, ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பது என்று ஒரு வழக்கம் வந்தது. தண்ணீர் பிந்தினால் நடவு பிந்தும், நடவு பிந்தினால் அறுவடை மாசிக்குப் போகும். தை முதல் தேதி கதிர் பச்சையாக நிற்கும் வயலுக்குச் சொந்தக்காரரும் கடையில் அரிசி வாங்கித்தான் பொங்குகிறார். நகரத்தில் இருப்பவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வயலில் கால் வைத்திராத என் போன்ற குமாஸ்தாவின் வீட்டில் பொங்குவது மளிகைக் கடைப் பொட்டலத்தில் வந்த பச்சரிசி.

வானமும் அறுவடையும் பொருந்தாமற் போனபிறகும் பானை பொங்குகிறது. அப்படியானால் மலர்க்காரர்கள் சொல்வதுதான் மிஞ்சுகிறது: நன்றி. ஆனால் இதுவரையில் அது ஒரு சொல் மட்டுமே. சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் ஒரு சின்ன அனுகூலம் உண்டு. நன்றிக்குச் சகோதரன் போலத் தோன்றுகிற ஒரு விஷயத்தை அவன் தினமும் கையாள்கிறான். மார்கழி கடைசியில் எங்கள் கவுன்ட்டரில் கூட்டம் கூடும். தையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் நகையை மீட்க வருவார்கள்; விவசாய நகைக்கடனுக்கு வட்டியைக் கட்டி அதே நகையை அதே நிமிஷம் திரும்பவும் அடகு வைப்பவர்களும் வருவார்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்ற பழமொழியை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். அதில் ஆன்மீகம் எதுவும் இல்லை. வழி என்றால் கையில் காசு. நெல் வந்தால் காசு, காசு வந்தால் கல்யாணம், மீட்பு, பைசல். பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் மானியம் போக 4. அசலும் வட்டியும் சேர்ந்து கட்டிவிட்டால் பேரேட்டில் நிலுவை பூஜ்யம். அதன் பிறகு கட்டியவர் எங்களுக்கு எதுவும் கடமைப்பட்டவர் இல்லை. எழுந்து போகலாம், திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. கடனின் அழகே இதுதான்: அது தீரும். தீர்ந்தபிறகு இரண்டு மனிதர்களும் சமமாக நிற்கிறார்கள்.

நன்றி அப்படித் தீராது. குறளில் ஒப்புரவு பற்றிய அதிகாரம், மழைக்கு இந்த உலகம் என்ன கைம்மாறு செய்துவிட முடியும் என்ற கேள்வியோடு தொடங்குகிறது. செய்ந்நன்றி பற்றிய அதிகாரமும், முன்னால் எதுவும் பெறாதவன் செய்த உதவிக்கு வானமும் பூமியும்கூட ஈடில்லை என்றுதான் ஆரம்பிக்கிறது. ஈடு செய்ய முடிகிற இடத்தில் விவகாரம் முடிந்துவிடுகிறது. ஈடு செய்ய முடியாத இடத்தில்தான் நன்றி பிறக்கிறது. கடன் தீர்ந்துபோவது, நன்றி தங்கிவிடுவது. ஆனால் நம் பாஷை இரண்டையும் ஒட்டிப்போட்டு 'நன்றிக்கடன்' என்று ஒரு சொல்லைச் செய்து வைத்திருக்கிறது. அதற்கும் மேலே போய் 'செஞ்சோற்றுக்கடன்' என்று இன்னொன்று. ஒருவன் சோறு போட்டான் என்பதற்காக, அவன் செய்வது அநியாயம் என்று தெரிந்தும் அவன் பக்கம் நின்று செத்துப்போன கர்ணனுக்கு நாம் சூட்டியிருக்கும் பட்டம் அது. இந்தச் சொல்லை நாம் எத்தனை பெருமையோடு உச்சரிக்கிறோம்! ஆனால் எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தச் சோறு யார் விளைத்தது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பொங்கலின் நாட்களை வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் நாள் சூரியனுக்கு. சூரியனுக்கு நாம் எதையும் திருப்பித் தர முடியாது. அதற்கு எந்தக் கெடுதலும் செய்யவும் முடியாது. அது கூலி கேட்காது, சங்கம் சேராது, வாசலில் வந்து நிற்காது. ஆகவே சூரியனுக்குச் சொல்லும் நன்றி மிகச் சுத்தமானது, மிக மலிவானதும்கூட. நம்மிடம் எதையும் கோர முடியாத ஒருவரிடம் நன்றியோடு இருப்பதற்கு எந்தத் தார்மீகப் பலமும் தேவையில்லை.

இரண்டாம் நாள் மாட்டுக்கு. இங்கே விஷயம் கொஞ்சம் சங்கடமாகிறது. மாட்டுக்கு வலிக்கும். தார்க்குச்சியால் குத்திய கையே கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டு, பொங்கல் ஊட்டுகிறது. வருஷத்தில் ஒரு நாள். இது நன்றியா, அல்லது மீதி நாட்களைப் பற்றிய மனச்சாட்சியின் முணுமுணுப்பா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கலப்படம் எனக்கு அருவருப்பாக இல்லை. தன் உழைப்பில் ஒரு பங்கு இன்னொரு உயிரின் முதுகிலிருந்து வந்தது என்று ஒத்துக்கொள்வது சின்ன விஷயமில்லை. ஆனால் இன்று உழவு மாடு எங்கே? டிராக்டருக்குச் சந்தனம் பூசி மாலை போடுகிறார்கள்; அதில் ஒரு குழந்தைத்தனமான நேர்மை இருக்கிறது. கொட்டிலில் நிற்பது ஜெர்சிக் கலப்புப் பசு. அதற்குப் பிறக்கும் காளைக்கன்றுக்கு உழவுமில்லை, வண்டியுமில்லை. பெரும்பாலும் அதை விற்றுவிடுகிறார்கள். எங்கே போகிறது என்று விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். மாட்டுப் பொங்கலன்று அந்தக் கன்று எவருடைய நினைவிலும் வருவதில்லை. நன்றிக்கு உபயோகம் என்று ஓர் எல்லைக்கோடு இருப்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

மூன்றாவதாக மனிதன் வர வேண்டும். சூரியனுக்கும் மாட்டுக்கும் நடுவில், சேற்றில் நின்றுகொண்டு இரண்டையும் நெல்லாக்கியவன் அவன்தானே. நாற்று பறித்தவளும் நட்டவளும் களை எடுத்தவளும் அறுத்தவனும். பண்டிகையின் தர்க்கம் தானாகவே அங்கே கொண்டுபோய் விடுகிறது. ஆனால் அவனுக்கு நாள் இல்லை. இருப்பது காணும் பொங்கல். அன்றைக்குப் பெரியவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். படுகைக் கிராமங்களில் இந்தப் பார்த்தலுக்கு ஒரு திசை இருந்தது. பண்ணையாள் மிராசுதாரர் வீட்டு வாசலுக்குப் போவான். வேட்டியோ, கொஞ்சம் நெல்லோ, கரும்போ வாங்கிக்கொள்வான். கும்பிட்டு நிற்பான். நெல்லை விளைத்தவன், நெல்லை வைத்திருப்பவனுக்கு நன்றி சொல்வான்.

என் கட்டுரையில் சொல்ல வேண்டியது ஒன்றுதான் என்றால் அது இது. பொங்கல் என்ற சடங்கின் இலக்கணப்படி, பானையில் இருப்பதைச் சாத்தியமாக்கியவர்களுக்கு நன்றி போய்ச் சேர வேண்டும். சூரியனிடத்திலும் மாட்டினிடத்திலும் அந்த இலக்கணம் சரியாக இருக்கிறது. மனிதனிடம் வந்ததும் தலைகீழாகிவிடுகிறது. நன்றியைப் பெற வேண்டியவனே நன்றி சொல்ல வேண்டியவனாக ஆகிறான். செஞ்சோற்றுக்கடன் என்ற சொல் அந்தத் தலைகீழ்ப் பாடத்துக்குக் கிடைத்த கௌரவமான பெயர்.

பானையையும் மரக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் ஸ்தூலமாகத் தெரியும். மற்ற நாளில் பால் பொங்கி வழிந்தால் வீட்டில் திட்டு விழும். பொங்கலன்று மட்டும் வழிந்தே ஆக வேண்டும். பானையின் விளிம்பைத் தாண்டாவிட்டால் அது பொங்கலே இல்லை. அளவைக் கொஞ்ச நேரத்துக்கு ரத்து செய்வதுதான் இந்தச் சடங்கின் மையம். வாழ்க்கை படிக்கணக்கிலும் மரக்கால் கணக்கிலும் முடிந்துவிடுவதில்லை, அதற்கும் மேலே வழிவது ஒன்று இருக்கிறது என்று சொல்லும் சடங்கு. எனக்கு இதில் மிகுந்த ஈடுபாடு உண்டு. ஆனால் எந்த வீட்டு முற்றத்தில் பானை வழிந்ததோ அதே வீட்டுக் களத்தில் கூலிக்கு மரக்கால் தலைதட்டி அளக்கப்பட்டது. அந்த மரக்காலும் சரியான மரக்கால்தானா என்பது ஒரு கேள்வி. 1940-களில் பி. சீனிவாசராவ் முதலியோர் தஞ்சையில் கட்டிய விவசாயிகள் சங்கம் சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்று கேட்டது. சரியான மரக்காலில் அளக்க வேண்டும் என்றும் கேட்டது. சாணிப்பால் என்றால் என்ன என்று இன்றைய வாசகருக்குச் சொல்ல வேண்டியிருக்கலாம். தண்டனையாக, சாணத்தைக் கரைத்து மனிதனைக் குடிக்க வைப்பது. மார்கழி முழுவதும் வாசலில் சாணம் தெளித்து, சாண உருண்டையில் பூசணிப்பூ செருகி அழகு பார்த்த ஊர்கள்தான் இவை. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததால் மட்டும் களத்தில் அளவு மாறிவிடவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். விவசாயக் கூலிகளின் குடும்பங்கள், தலித்துகள். பின்னணியில் இருந்தது அறுவடைக் கூலியும் சங்கமும் பற்றிய தகராறு. அரைப்படி நெல் என்றுதான் இன்றைக்கும் அதை நினைவு வைத்திருக்கிறார்கள். 1973-இல் உயர் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. அந்த இரவிலிருந்து இருபதாம் நாள் 1969 ஜனவரி 14 வந்தது. அன்று பொங்கல். சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று அதிகாரபூர்வமாகப் பெயர் பெற்றதும் அன்றுதான். நெடுநாள் கேட்டுப் பெற்ற பெயர், மகிழ்ச்சி நியாயமானது. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைப்பதில் எனக்கு மலிவான திருப்தி எதுவும் இல்லை. ஆனால் சேர்த்து வைத்தபிறகு பிரிக்க முடியவில்லை. எந்த நாடு தன் பெயரைப் பொங்கலன்று சூட்டிக்கொண்டதோ, அந்த நாட்டில் பானைக்குள் போன நெல்லுக்கு அரைப்படி கூடக் கேட்டது பெருங்குற்றமாக இருந்திருக்கிறது.

ரோமானியச் சிந்தனையாளர் செனெகா உபகாரங்களைப் பற்றி எழுதிய நூலில் ஒரு விசித்திரமான கேள்வியை எடுத்துக்கொள்கிறார்: ஓர் அடிமை தன் எஜமானனுக்கு உபகாரம் செய்ய முடியுமா? அடிமை செய்வதெல்லாம் சேவகம், அவன் கடமை. உபகாரம் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை என்று ஒரு கட்சி. செனெகா அதை மறுக்கிறார். கட்டளைக்கு மேலே தன் இஷ்டத்தால் செய்வதெல்லாம் உபகாரம், அடிமையாலும் அது முடியும் என்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இந்த வாதத்தை நம் மிராசுதாரர்கள் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்க்கட்சி வாதத்தை அவர்கள் நடைமுறையில் வைத்திருந்தார்கள். பண்ணையாளின் உழைப்பு கடமை. தாங்கள் கொடுக்கும் வேட்டி உபகாரம். கொடை பற்றிப் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மாஸ் 1925-இல் எழுதியது இங்கே உதவும். கொடுப்பதும் வாங்குவதும் திருப்பித் தருவதும் மூன்றுமே கட்டாயங்கள் என்றார் அவர். திருப்பித் தர வழியில்லாதவன் கொடுத்தவனுக்குக் கீழே நின்றுவிடுகிறான். அந்த வேட்டியின் வேலையே அதுதான். கூலியாகக் கொடுத்திருந்தால் பைசலாகியிருக்கும். பைசலாகாமல் இருப்பதற்காகவே அது கொடையாக வந்தது.

என் சங்கத்து நண்பர் ஒருவர், கிராமத்திலிருந்து வந்தவர், இதற்கு ஓர் ஆட்சேபம் சொன்னார். "நீ சொல்றதெல்லாம் சரி ஐயா. ஆனா இப்ப மிஷின் வருது, மணிக்கணக்குல வாடகை வாங்குது, அறுத்துட்டுப் போயிடுது. ஓட்டுறவன் பேரு கூட எவனுக்கும் தெரியாது. நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போகுது, பணம் உன் பேங்க்ல ஏறுது. எல்லாம் பைசல். இதுதான் உனக்கு வேணுமா? அந்த வேட்டியில ஒரு மனுஷ உறவு இருந்ததே?"

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாற்பது கிலோ மூட்டை, 17 சதவீத ஈரப்பதம், கணக்கில் வரவு என்று எல்லாம் எண்ணாக மாறிவிட்ட இடத்தில் நன்றிக்கு ஒரு முகம்கூடக் கிடைப்பதில்லை. அளந்து கொடுத்து முடித்துவிடுவதே வாழ்க்கை என்றால் பானை பொங்க வேண்டிய அவசியமே இல்லை, குக்கர் போதும். ஆனாலும் நண்பர் சொன்ன உறவைப் பற்றி ஒன்று கேட்டேன். அந்த வேட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் அவன் பிழைத்திருக்க முடியுமா? நண்பர் பதில் சொல்லவில்லை. மறுக்க முடியாத கொடையை எப்படிக் கொடை என்பது? கூலி உரிமையாக ஆன பிறகுதான், அதாவது வாங்குகிறவன் தலை நிமிர்ந்து 'இது என்னுடையது' என்று சொல்ல முடிந்த பிறகுதான், அதற்கு மேல் கொடுப்பது கொடையாகவும் சொல்வது நன்றியாகவும் ஆக முடியும். மரக்கால் சரியாக நிரம்பின பிறகே வழிவதற்கு அர்த்தம். மரக்காலைத் தலைதட்டிவிட்டுப் பானையை வழியவிடுவது வெறும் பாவனை.

இது பழைய மிராசுதாரரோடு முடிந்துபோன கதையும் இல்லை. ரேஷன் கடையில் பொங்கல் பரிசு என்று பச்சரிசியும் சர்க்கரையும் கரும்பும் தருகிறார்கள். சில வருஷங்களில் ரொக்கமும் உண்டு, 2021-இல் 2,500 ரூபாய். வாங்குகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தேவை இருக்கிறது, வாங்குகிறார்கள். ஆனால் அந்தச் 'பரிசு' என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஜனங்களின் வரிப்பணம் ஜனங்களுக்குத் திரும்புகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் நன்றி மட்டும் கொடுத்த கையை நோக்கிப் போக வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. வாசலும் வேட்டியும் மாறியிருக்கின்றன. கும்பிடும் திசை மாறவில்லை.

பொங்கலை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாராவது முடிவு கட்டினால் அது என்னைத் தவறாகப் படிப்பது. மாறாக, அந்தச் சடங்கைக் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறேன். எவ்வளவு நியாயமான கூலியும் விலைபோட முடியாத ஒன்று அந்த உழைப்பில் மிச்சம் இருக்கிறது. நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரிகிற கண். நாள் முழுக்க முதுகு வளைந்து நடுகிறவளின் பொறுமை. நான் தின்கிற சோற்றில் அது இருக்கிறது. எந்தப் பேரேட்டிலும் அதற்குத் தலைப்புக் கிடையாது. அங்கேதான் நன்றி தொடங்க வேண்டும், கூலி முடிகிற இடத்தில். கூலிக்குப் பதிலாக வந்தால் நன்றி ஒரு மோசடி. கூலிக்குப் பிறகு வந்தால் அது மனிதன் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் ஒன்று.

ஆகவே என் யோசனை நாட்களின் வரிசையை மாற்றுவதுதான். காணும் பொங்கல் முதலில் வரட்டும், திசையும் மாறட்டும். யார் வாசலுக்கு யார் போக வேண்டும் என்பதை, பானையில் இருப்பது யார் கையால் வந்தது என்று பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம். முந்தின வாரமே கூலிப் பாக்கி தீர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகிற காலுக்குக் கூச்சம் இருக்கும், இருக்கவும் வேண்டும். அடுத்த நாள் மாடு, விற்றுப்போன கன்றின் நினைப்போடு. சூரியன் கடைசியில் இருக்கட்டும், அவசரமில்லை. அது திரும்பி ஏற்கெனவே மூன்று வாரம் ஆகிவிட்டது.